முதல் மணியிலேயே எடுத்த ஃபோன்

“நீ டெஸ்ட் பண்ணியா, இல்ல பண்ணினதா நெனச்சுக்கிட்டியா?” என்று ஆலோசகர் என்னைக் கேட்டார்.

பெண்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எங்கள் சர்வர்தான் ஆலோசகர்களுக்கு அனுப்புகிறது. அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் ஸ்கிரிப்டை அக்கா எழுதுவாள். பள்ளியை விட்டு நின்றுவிட்ட நான் அழைத்துப் பார்த்துச் சரிபார்ப்பேன். பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம் என்பவர்களுக்குத் தனி எண் உண்டு. அதில் அழைத்த ஒரு பெண்ணின் குரல் பதினோரு நிமிடம் பதிவாகியிருந்தது. அந்தத் தனி எண்ணையே மூடச் சொல்லித் தானே கையெழுத்திட்ட கடிதத்தை ஆலோசகர் மேசையில் வைத்திருந்தார்.

அக்கா திரையைக் காட்டினாள். “இதோ பாருங்க மேடம். தனி எண்ணுக்கு வந்தா, பதிவு வேண்டாம்னு ஒரு அடையாளம், ஃப்ளாக், வைக்குது. ஃப்ளாக் இருந்தா பதிவு பண்ணாது.”

“அப்ப பதிவு பண்ணினது யாரு, பேயா?”

நானும் அந்த வரியையே வெறித்துப் பார்த்தேன். ஃப்ளாக் இருந்தது. அதை நீக்கும் வரி எங்கேயும் இல்லை.

“அக்கா, அந்தப் பொண்ணோட ஃபோன் காலை யார் எடுத்தாங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்கா அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். முதல் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. இருபது விநாடி கழித்து இரண்டாவது ஃபோனுக்குப் போயிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தால் அறையே திரும்பிப் பார்க்குமே என்று, நாற்பது டெஸ்டிலும் நானே முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். யாரும் எடுக்காதபோது ஓடும் பிளாக், ஸ்கிரிப்டின் அந்தப் பகுதி, ஒருமுறைகூட ஓடவில்லை.

சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “லூசு! இல்லடி, நான்தான் லூசு. இந்த ஃப்ளாக் முதல் பிளாக் ஓடி முடியிற வரைக்கும்தான். அடுத்த பிளாக் வெறுங்கையோடதான் ஆரம்பிக்கும்.”

“அதே கால்தானேக்கா?”

“அதே கால்தான்.”

“அப்புறம் எப்படி மறக்கும்?”

“மறக்கலடி. நான் வச்சது கால்கூடவே போற ஃப்ளாக் இல்ல. அதுக்கு வேற வகை இருக்கு.”

பாதிதான் புரிந்தது. அவள் ஃப்ளாக்கின் வகையை மாற்றினாள். நான் தனி எண்ணுக்கு அழைத்தேன். முதல் ஃபோன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். இருபது விநாடி. இரண்டாவது ஃபோனை ஆலோசகரே எடுத்தார்.

“பேசும்மா.”

“பதிவாகுதா, மேடம்?” என்றேன், எதிரே நின்றவரிடம் ஃபோனில்.

அக்கா திரையைத் திருப்பினாள். புதிய பதிவு எதுவும் இல்லை.

“அந்தப் பொண்ணுக்கு நான் என்ன சொல்றது?” என்றார் ஆலோசகர்.

அவர் ஃபோனை வைத்தார். கடிதத்தை எங்களிடம் கொடுக்காமல் இரண்டாக மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வெளியே போனார்.