ஆரஞ்சு உரிக்கும் காட்சி

படங்களை வெட்டி ஒட்டுவதில் அவனுக்கு நிகர் அவன்தான் என்று அந்தப் படப்பிரிவில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவனுக்கே பாதி மறந்துபோயிருந்தது. இத்தனைக்கும் அதுவரை அவன் வெட்டியதெல்லாம் சுகாதார அறிவிப்புகளும் திறப்பு விழாக்களும்தான். தலைவர்கள் தும்முவதை வெட்டி எடுப்பதிலேயே பாதி ஆயுள் போயிற்று.

அதனால், மேலாளர் கூப்பிட்டு, “முழுநீளப் படம் ஒண்ணு வந்திருக்கு. காதல் படம். நீதான் பண்ணணும்” என்றபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

காதல் படம் வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஒருவர்மேல் ஒருவர் அளவு மீறிப் பற்று வைப்பது வியாதி என்று சட்டமே இருந்தது. வியாதி முற்றியவர்களை ஓய்வு இல்லத்துக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பி வருகிறவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வேளைக்குச் சாப்பிடுவார்கள், வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்வார்கள். அதற்குமேல் ஒன்றும் இருக்காது.

படத்தின் கதை வேறொரு கோளில் நடந்தது. அங்கே யார் யாரோடு வாழ வேண்டும் என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்யும். அது பிரித்து வைத்த ஒருத்தியும் ஒருவனும் ஒளிந்து ஒளிந்து சந்திப்பார்கள்.

“இதுக்கு எப்படி சார் அனுமதி குடுத்தாங்க?”

“வேற கோள்னு போட்டிருக்குல்ல? உனக்கு எதுக்கு அது. பாக்குறவங்க அழணும். அழ வெச்சுட்டா நீ கெட்டிக்காரன்.”

காலம் கொஞ்சம் இளகுகிறதோ என்று அவன் நினைத்தான். ஆசைதானே, யாரைக் கேட்டு வருகிறது.

படத்தில் ஒரு மருத்துவமனைக் காட்சி இருந்தது. பிறந்த குழந்தை இறந்துவிடுகிறது. கட்டிலருகே உட்கார்ந்து கதாநாயகன் பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறான், ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளைகளை அவள் உள்ளங்கையில் வைத்தபடி. கத்திரி அந்தக் காட்சியில் திக்கென்று நின்றுபோனான். அவனுக்கும் அப்படி ஒரு பகல் வாய்த்திருந்தது. அவன் மனைவி சீருடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்ப்பவள். அன்று கட்டிலில் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க, என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் யாரோ வைத்துவிட்டுப் போன ஆரஞ்சை எடுத்து உரித்தான். ஒவ்வொரு சுளையாக அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் தின்னவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அதைப் பற்றி இருவரும் அப்புறம் வாய் திறந்ததே கிடையாது.

அவன் வசனம் முழுவதையும் வெட்டித் தள்ளினான். கைகளை மட்டும் விட்டுவைத்தான்.

தியேட்டரில் முதல் காட்சி பகலில். மனைவிக்கும் சீட்டு வாங்கி வந்தான். “உனக்கு ஒண்ணு காட்டணும்.”

“என்ன, நீங்களும் நடிச்சிருக்கீங்களா?”

“நான் நடிச்சா தியேட்டர்ல நாற்காலிதான் மிஞ்சும். வா.”

படம் தொடங்கியதும் மேலாளர் அவனை மட்டும் மேலே அழைத்துப்போனார். புரொஜக்டர் அறைக்குப் பக்கத்து அறை. சுவரில் ஒரு திரை, அதில் அரங்கின் இருக்கைகள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக. சில கட்டங்கள் சிவந்திருந்தன.

“கைப்பிடியில இருக்கு விஷயம். கை வேர்க்கிறது, நாடி எகிறுறது, எல்லாம் இங்க தெரிஞ்சிடும்” என்றார் மேலாளர். “படம் முடிஞ்சதும் சிவப்பு எல்லாம் தனி வாசல். வண்டி நிக்குது.”

“அழுததுக்கா சார்?”

“யோசிச்சுப் பாரு. ஒருத்தனைக் கூட்டிட்டுப் போறோம். அவனுக்காக அழ ஆள் இருந்தா, எங்க கொண்டுபோனீங்கன்னு வந்து நிப்பாங்க. அழ ஆளே இல்லேன்னா? ஊர் அமைதியா இருக்கும்.”

அவன் மனைவியின் கட்டத்தைத் தேடினான். இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனைக் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்தால் அவள் தாங்கமாட்டாள். அவளுக்காகவே வெட்டியது அது.

“சவுண்டு இடிக்குது சார். கீழ போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்.”

மேலாளர் தலையாட்டினார். அவன் படியிறங்கிய வேகம் அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு கதவருகிலும் காவலர் நின்றார்கள். நடுவில் யாரையும் வெளியே விடமாட்டார்கள். இருட்டில் தடவிப் போய் அவள் பக்கத்து இருக்கையில் விழுந்தான்.

“கையை எடு. கைப்பிடியில வெக்காத. மடியில வெச்சுக்கோ.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படிக் கேட்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

திரையில் ஆரஞ்சு வந்தது. முதல் சுளை உள்ளங்கையில் விழுந்ததும் அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். “நீங்க மறக்கலையா?” என்றாள், காற்றாக.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். கைகள் மடியைவிட்டு அசையவில்லை. வெட்டுமேசையில் அந்தக் காட்சியை எத்தனையோ முறை கண் நனையாமல் பார்த்தவன் அவன். அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோனான். அடக்கப் பார்த்தான். அடக்குவதற்காக எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்தது கைப்பிடியை என்று படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகுதான் பார்த்தான்.

காவலர் வந்து தோளைத் தொட்டார். பின்னால் மேலாளர், எங்கேயோ பார்த்தபடி, “நல்லாத்தான் வெட்டியிருக்க” என்றார். அவள் எழுந்து நின்று வழியை மறித்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்றான் அவன், முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல. அவள் விலகிக்கொண்டாள்.

வெயில் காலம் போய் மழை பிடித்த பிறகு அவனைத் திருப்பி அனுப்பினார்கள். உடம்பு தேறியிருந்தது. வானிலை அறிக்கை வெட்டும் வேலை கொடுத்தார்கள், அதைத் தப்பில்லாமல் செய்தான். காதல் படத்தை ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். ஒருவன் பழம் உரித்துக்கொண்டிருந்தான். காட்சி நீளம் என்று அவனுக்குப் பட்டது.

வீட்டில் அவள் வெகுநேரம் குளியலறையில் இருப்பாள், குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும். அழுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

“தண்ணி வீணாப் போகுது.”

குழாய் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்தான். கையை உருவிக்கொள்ளலாமா என்று யோசித்தான். உருவிக்கொள்ள வேண்டிய காரணமும் இல்லை, விட்டுவைக்க வேண்டிய காரணமும் இல்லை. கை அங்கேயே கிடந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.