எம்.டி. துடைத்த தரை

துப்புரவுப் பணி எவ்வளவு புனிதமானது என்று எம்.டி. பேசத் தொடங்கிப் பத்து நிமிடமாகியும் புனிதம் தீரவில்லை. சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் வாளியக்கா. இருபது வருடமாகத் துடைப்பவளை மொத்த ஆபீஸும் அப்படித்தான் கூப்பிடும்.

அவளுக்குப் புனிதம் வேண்டாம்; இந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடினால் போதும். சாயங்காலம் இன்னொரு கட்டடத்துக்குத் துடைக்கப் போகாமல், புருஷனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். துப்புரவாளர்களின் சம்பள உயர்வு ஃபைல் மூன்று மாதமாக எம்.டி. மேஜையில் ஊறிக்கொண்டிருந்தது. கேட்டால், "சாருக்கு நேரமில்ல" என்பார் செயலாளர்.

பேச்சு முடிந்ததும் எம்.டி. சட்டைக் கையை மடித்தார். "இன்று உங்களில் ஒருவனாக, இந்த ஹாலை நானே துடைக்கிறேன்!"

எல்லோரும் கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள்; புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

எம்.டி. கதவருகே ஆரம்பித்து முன்னோக்கித் துடைத்துக்கொண்டே போனார். வாளியக்கா வாயைத் திறந்தாள்.

"பெரியவங்க செய்யறப்ப குறுக்க பேசாதம்மா," என்று செயலாளர் அடக்கினார்.

பின்பக்கமாக நடந்து கதவுக்கு வந்து முடிக்க வேண்டும் என்பது மாப்பு பிடித்த யாருக்கும் தெரியும். எம்.டி. படித்ததெல்லாம் மேற்படிப்பு. கடைசியில் ஜன்னல் மூலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே கதவுவரை பளபளவென்று ஈரம்.

"ஐயோ சார், மிதிக்காதீங்க! வழுக்கும். தடம் விழுந்தா முதல்லேருந்து துடைக்கணும்," என்றாள் வாளியக்கா.

"எப்பம்மா காயும்?"

"பிழியாமத் துடைச்சிருக்கீங்க. முக்கால் மணி ஆகும்."

எம்.டி. இடுப்பைத் தடவினார். "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை ரூம்?"

"இங்க முப்பத்தொண்ணு. சாயங்காலம் வேற கட்டடத்துல பதினாலு."

"அங்க எதுக்கு?"

"இங்க குடுக்கறது வாடகையோட நின்னுடுது சார். வயித்துக்கு அங்க."

கேமரா இறங்கவே இல்லை.

வாளியக்கா செயலாளரைப் பார்த்தாள். "சாருக்கு இப்ப நேரம் இருக்குல்ல?"

ஃபைல் வந்தது. இரண்டு காய்ந்த துணிகளைக் கீழே போட்டு, அவற்றின் மேல் கால் வைத்து, தரையில் தடமே விழாமல் சறுக்கிக்கொண்டு போய் நீட்டினாள். கேமரா பார்க்க, எம்.டி. கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து இன்னும் இரண்டு துணிகளை உருவினாள்.

"இதுல கால வெச்சு வாங்க சார்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"பெரியவங்க செய்யறப்ப குறுக்க பேசக்கூடாதுன்னாங்களே."

புதுச் சம்பளம் கைக்கு வந்த அன்று, வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்துப் புருஷன் பதறினார். "என்னடி, வேலை போச்சா?"

"போச்சு. ரெண்டாவது வேலை."

அவர் எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தார்.