வாசிகசாலைக்கு வந்த பூதம்

எங்கள் ஊர்ச் சனத்தைப் பயப்படுத்துவது லேசான காரியம் அல்ல. நான் பயப்படுத்தினேன். அந்தப் பெருமை எனக்கு இரண்டு கிழமை, ஒரு பதினாலு நாள், இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு நடந்தது இது. இருபத்தொரு வருடம் கப்பலில் வேலை செய்து, காலில் சங்கிலி விழுந்து நொண்டியாகி ஊர் திரும்பியவன் நான். பஸ்ரியாம்பிள்ளை என்றால் எங்கள் தீவில் கரம்பொன் வரைக்கும் தெரியும். லிவர்பூல் துறைமுகத்துக் கடையொன்றில் வாங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்றும் என்னோடு வந்தது. உள்ளே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், பத்து முகம் உள்ள பகடைக்காய்களும் இருந்தன. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மேசையைச் சுற்றியிருக்கும் நாலு பேர் அந்தக் கதைக்குள் புகுந்து, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைக் காய் தீர்மானிக்கும். ஒவ்வொருவருக்கும் புத்தி இவ்வளவு என்று ஓர் எண் உண்டு. மனிதர் பார்க்கக்கூடாததைப் பார்க்கப் பார்க்க அது குறையும். பூச்சியத்துக்கு வந்தால் ஆள் விசர்.

யுத்தம் தொடங்கி, கடலுக்குப் போக நேவி விடாத காலம். ஆம்பிளைகள் வீட்டில் சும்மா இருந்து பெண்சாதிமாரோடு சண்டை கொழுவிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வாசிகசாலையில் மேசையைப் போட்டு, புத்தி எண்களைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன். முதல் ஞாயிறு பதினைந்து பேர் பார்க்க வந்தார்கள். நாலாம் ஞாயிறு ஐம்பது பேர்.

பார்க்க வந்தவர்களின் வாயைச் சொல்லி முடியாது. கதையில் வள்ளம் கிழக்கே திரும்பினால் சவிரிமுத்துக் கிழவர் எழும்பிவிடுவார்.

"இந்தக் காத்துக்கு ஆரடா கிழக்கை பிடிப்பான்? விசரா, பாயை இறக்கு!"

அன்னப்பிள்ளை அக்காவுக்கு வேறு கவலை. கதையில் வருவது பூமி உண்டாக முன்னமே கடலடியில் கிடக்கிற பூதம், அதற்கு எங்களில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, நாங்கள் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது என்று நான் விளக்கினேன்.

"அப்ப அதுக்கு எந்தப் புனிதரை மன்றாடுறது?" என்று கேட்டாள்.

ஒருவரையும் இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு அந்தோனியார் சுரூபம் ஒன்றைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

பூதத்தை நான் வெளியே கொண்டுவந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். மலையளவு தலை, முகம் முழுக்க நெளிகிற கைகள் என்று குரலைத் தாழ்த்தி, விட்டு விட்டுச் சொன்னேன்.

வாங்குப் பலகையில் குந்தியிருந்த ஒருவன், "அண்ணை, பேய்க்கணவாயோ?" என்றான்.

"அப்பிடியெண்டால் கறி வைக்கலாம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இந்தப் பெரிசுக்கு எத்தினை தேங்காய் துருவுறது?"

ஐம்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளைக்காரன் கேட்டு நடுங்கிய பூதத்தை எங்கள் ஆட்கள் சட்டியில் போட்டுவிட்டார்கள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது.

மேசையில் எனக்கு நேரே மேரிஜோசப்பின் இருந்தாள். சின்னத்தங்கத்தின் மகள், இருபத்துநாலு வயது, விளையாடிய நாலு பேரிலும் கெட்டிக்காரி. அவளுடைய தமையன் யாகப்பு பத்து மாதத்துக்கு முன் எழுவைதீவுப் பக்கம் கடல் தொழிலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் சூட்டுத் துளைகளோடு கரை ஒதுங்கியது. பிரேதம் கிடைக்கவில்லை. மகனை நேவிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் எங்கோ முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று சின்னத்தங்கம் ஒரே பிடியாக நின்றாள். வீட்டில் ஒருவரும் கறுப்பு உடுக்கவில்லை, அவனுக்கென்று பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. யாராவது அழுதால் தாய்க்காரி எரிந்து விழுவாள். இருக்கிற பிள்ளைக்கு அழலாமோ என்பாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். சிரிப்புக் கொஞ்சம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னேன்.

"அது வாயைத் திறக்குது. உள்ளுக்கை இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் வருது. தங்கச்சி, நான் இஞ்சை கீழைதான் கிடக்கிறன்."

யாகப்பு பேசுகிற மாதிரியே இழுத்துச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது.

ஜோசப்பின் காயை எறிந்தாள். அது அவளுக்கு எதிராக விழுந்தது. பலகையில் அவளுடைய எண்ணை அழித்துப் பூச்சியம் போட்டேன். விளையாட்டின் விதிப்படி அவள் விசர் பிடித்தவளாக நடிக்க வேண்டும். அவள் எழும்பி நின்றாள்.

"அண்ணை செத்துப்போனார்! எங்கடை அண்ணையைக் கடலுக்கை வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள்! செத்துப்போனார்!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து குழறினாள். பத்து மாதத்து அழுகை. கால் மணித்தியாலம் அழுதிருப்பாள். அவள் ஓய்ந்ததும் சனம் கை தட்டியது. பின்வரிசை வாங்கில் இருந்த சின்னத்தங்கம் மட்டும் எழும்பி வெளியே போய்விட்டாள். வெட்கம் கெட்ட நான், கைதட்டலுக்குத் தலை குனிந்தேன்.

அடுத்த கிழமையே அவளுக்குக் கரம்பொனில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பஹ்ரெயினில் வேலை, ஆறு கிழமை லீவில் வந்தவன், கலியாணம் முடித்துக் கையோடு கூட்டிக்கொண்டு போகச் சம்மதம். அந்தக் காலத்தில் தீவை விட்டு வெளியே போகிற வழி ஒரு பெட்டைக்குக் கிடைப்பது சின்ன விஷயமா? கோயிலில் முதல் கலியாண ஓலை வாசித்தார்கள். இரண்டு பேரின் பெயரையும் மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பது முறை.

எவனோ கடமையைச் செய்துவிட்டான். சுவாமியாருக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. பெண்ணுக்கு விசர், இன்ன திகதியில் வாசிகசாலையில் ஐம்பது பேர் முன்னிலையில் அவளுடைய புத்தி பூச்சியத்துக்கு வந்தது, யாரையும் விசாரிக்கலாம். அங்கே நடக்காத எதையும் அதில் எழுதவில்லை. அதுதான் அந்த நாயின் கெட்டித்தனம்.

சுவாமியார் கடிதத்தை மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் காட்டினார். அவர் நல்ல மனிதர். "பார்த்த ஆக்கள் நாலு பேர் வந்து, அது வெறும் விளையாட்டெண்டு சுவாமிக்கு முன்னாலை சொன்னால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

நாலு பேர்தானே என்று நொண்டிக் காலோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"விளையாட்டுத்தான் தம்பி" என்றார் சவிரிமுத்து. "ஆனா நான் எத்தினை செத்தவீடு கண்டவன். அந்தப் பெட்டை நடிக்கேல்லை."

"நடிக்கேல்லை, அழுதவள். அழுகிறதும் விசரோ?"

"அது எனக்குத் தெரியாது. நான் வந்து சத்தியம் பண்ணமாட்டன்."

அன்னப்பிள்ளை அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "அந்தோனியார் பாத்துக்கொண்டிருக்கவே அது அவளிலை ஏறிட்டுது. சுவாமிக்கு முன்னாலை என்னாலை பொய் சொல்லேலாது."

கை தட்டிய மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வேறு இடத்தில் அலுவலாம், வாசிகசாலைப் பக்கமே வரவில்லையாம். பூதத்தைக் கறி வைக்கப் பார்த்த வீரர்கள் ஒரு பெட்டையின் அழுகைக்குப் பயந்து ஒளித்தார்கள். ஊரைக் கொளுத்தினால் என்ன என்று இருந்தது எனக்கு. கொளுத்துவதென்றால் என் வீட்டில்தான் முதலில் நெருப்பு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

இரண்டாம் ஓலைக்கு முதல்நாள் காலை சுவாமியார் எங்களைக் கோயிலோடு ஒட்டிய தன் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன், சின்னத்தங்கம், ஜோசப்பின், நான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"பிழை என்னிலை, சுவாமி. சனம் சிரிச்ச கோவத்திலை நான்தான் யாகப்புவின்ரை குரலிலை கதைச்சனான். அந்தப் பிள்ளை தமையனுக்கு அழுதது. அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் தகப்பன் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது. சுவாமியார் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"தாய் நீங்கள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நாளைக்கு ஓலையை வாசிப்பன். பிள்ளைக்குச் சுகம்தானே?"

"இல்லை சுவாமி. அவளுக்கு விசர்."

சின்னத்தங்கம் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"தமையன் உயிரோடை இருக்கேக்கை செத்துப்போனானெண்டு புத்தியுள்ள பிள்ளை குழறுமோ?"

"அக்கா, யாகப்பு..." என்று தொடங்கினேன்.

"யாகப்புவுக்கு என்ன? சொல்லும்."

ஐம்பது பேர் முன்னால் அவன் குரலில் பேசிய எனக்கு, அவனுடைய தாய்க்கு முன்னால் வாய் வரவில்லை. சுவாமியார் ஜோசப்பினைக் கேட்டார்.

"பிள்ளை, நீர் சொல்லும். அண்டைக்கு நீர் சொன்னது சுயபுத்தியோடை சொன்னதோ?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். மாப்பிள்ளையின் தகப்பன் அதற்காகக் கதிரை நுனியில் காத்திருந்தார். ஜோசப்பின் தாயைப் பார்த்தாள். சின்னத்தங்கத்தின் உதடு நடுங்கத் தொடங்கியிருந்தது.

"இல்லை சுவாமி" என்றாள் ஜோசப்பின். "எனக்குப் புத்தி பிசகிப்போச்சுது. அண்ணை இருக்கிறார்."

மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். சின்னத்தங்கம் மகளின் தலையைத் தடவி, "பாத்தீரோ?" என்று என்னைக் கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அந்தப் பத்து மாதத்தில் நான் கண்டதில்லை.

மறுநாள் கோயிலில் வேறு யாருடைய ஓலையையோ வாசித்தார்கள். தாயும் மகளும் முன்வரிசை வாங்கில் இருந்தார்கள். கோயில் நிறைந்த சனம், வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் அந்த வாங்கில் ஜோசப்பினுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் ஒருவரும் போய் இருக்கவில்லை. நானும் பின்னால் நின்றேன்.