நின்று தந்த டிக்கெட்

காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, பத்து மணி நேரம். கேரளத்துக் காரோட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய லாட்டரி மேசைக்குப் பின்னால் அப்பா அத்தனை நேரமும் உட்கார்ந்தே இருப்பார். சோறும் அங்கேயேதான். மாலையில் கால் வீங்கி, செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருக்கும்.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டிவிடும், அது நெஞ்சுக்கு ஏறினால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நான் விலங்கியல் படித்தவள். என் பங்குக்கு விளக்கினேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அது கீழே தேங்கும்.

"மழவெள்ளமா தேங்குகதுக்கு? போ மக்கா, கச்சவடம் நடக்கட்டு, டிக்கெட்டு விக்கட்டு."

அப்பா என் பேச்சைக் கேட்கமாட்டார். டிக்கெட் வாங்குகிறவர் பேச்சைத் தட்டமாட்டார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், லாட்டரி கிடையாது. களியக்காவிளையிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர் ரெத்தினதாஸ். எண்களைக் கூட்டிப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கமாட்டார். நான் வேலை செய்யும் பக்கத்துப் போட்டோஸ்டாட் கடை முன்னால் அவர் பைக்கை எடுத்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"மீன் விக்கிற மோகனன் மாமனுக்குப் பரிசு விழுந்துதே, அது அப்பா எழும்பி நின்னு குடுத்த டிக்கெட்டாக்கும்."

மறுநாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றார்.

"எழும்பித் தாரும், பாலையண்ணே."

"எதுக்குவே?"

"எழும்பும், சொல்லுதேன்."

இரண்டு வாரத்தில் எல்லைக்கு இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. அப்பா சரியாக நிமிரவில்லை என்று ஒருவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஓமனக்குட்டி அக்கா மூன்று டிக்கெட்டுக்கு மூன்று தடவை எழுப்பினாள்.

"ஒண்ணா எழும்பி மூணையும் தந்தா என்ன?"

"அப்போ ஒண்ணுலதானே அடிக்கும்!"

அப்பா முனகினார். எழுந்தார். செருப்பு வாரின் தடம் நாளுக்கு நாள் மங்கியது.

அப்போதுதான் மோகனன் மாமன் வந்து சேர்ந்தார். கூட்டம் அவரை வளைத்தது.

"அண்ணைக்கு இவரு நின்னாரா, இருந்தாரா? உள்ளதைச் சொல்லணும்."

உட்கார்ந்திருந்தார் என்று மாமன் சொல்லிவிட்டால், இனி அப்பாவை யார் எழுப்புவார்கள்? மாமன் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவை ஒரு நொடி பார்த்தார்.

"நின்னாரு. கரண்டு போஸ்ட் கணக்கா நின்னாரு."

நான் இட்டுக்கட்டியது எப்படி உண்மையானது? அன்று எடுத்த நகலெல்லாம் கோணல்.

மாலையில் டிக்கெட் தீர்ந்தது. எழுப்ப ஆளில்லை. அப்பா தானாக எழுந்து மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஆருமில்லையே அப்பா, இப்போ எதுக்கு?"

அவர் குனிந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"மோகனனுக்கு விழுந்த டிக்கெட்டு உண்டுல்லா, நான் இந்த ஸ்டூல்ல இருந்து ஒறங்கும்போ அவன் தானே எடுத்துட்டுப் போனதாக்கும், மக்கா."