சுருக்கெழுத்தில் ஜாஸ்

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காதில் விழுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் கிறுக்கிவிடும். டெல்லி கோல் மார்க்கெட் வீட்டில் மன்னி என்னைத் திட்டுவதைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். மத்திய அரசில் பதினோரு வருடம் ஸ்டெனோவாகக் குப்பை கொட்டினால் இப்படித்தான் ஆகும்.

அந்த 1974இல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிழமை. கன்னாட் பிளேஸில் மல்ஹோத்ராவின் ஜாஸ் கிளப்பில் மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி. ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணி டிரம்பெட் ஊதுவார். மதுரைக்காரி இந்திராணி பாடுவாள். ஒரே ஒரு கோல்ட் காபியை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பேன். வீட்டில் லைப்ரரி என்று சொல்லியிருந்தேன். பொய்தான், அதற்கென்ன.

அன்று நான் போனபோது இந்திராணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னையோட எங்க சீட்டைக் கிழிச்சிருவாங்க விசாலாட்சிக்கா. அடுத்த வாரத்துலருந்து டேப் ரிக்கார்டராம்."

கல்லாவில் உட்காரும் மல்ஹோத்ராவின் மனைவி சிரித்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு வாரம் முன்பு இந்திராணி சொல்லே இல்லாமல் வாய்க்கு வந்த ஒலிகளை அடுக்கிப் பாடியபோது அந்த அம்மாள் காலால் தாளம் போட்டாள். மல்ஹோத்ரா சொக்கிப்போனார். அதே பாட்டை இன்று பாடி அவளை எழுந்து ஆடவைத்தால் வேலை உண்டு, இல்லையென்றால் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்.

"அது அப்ப தானா வந்தது. இப்ப ஒண்ணுகூட ஞாபகமில்லக்கா."

"எங்கிட்ட இருக்கு," என்று நோட்டை எடுத்தேன். சுருக்கெழுத்துக்கு அர்த்தம் வேண்டாம், ஒலி போதும். ஷூபி டூபி ராபப்பா எல்லாம் கோடும் புள்ளியுமாக அப்படியே இருந்தது.

இந்திராணி எட்டிப் பார்த்து முழித்தாள். "இதை நீங்கதான் படிக்கணும். மேடைக்கு வாங்க."

"ஜல்தி வாம்மா," என்று மாசிலாமணி ஊதவே ஆரம்பித்துவிட்டார்.

நூல் புடவையும் சாந்துப் பொட்டுமாக மைக் முன்னால் நின்றேன். நான் ஒரு வரி படிக்க, அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். கல்லாவில் கால் தாளம் போட்டது. ஆனால் அம்மாள் எழுந்திருக்கவில்லை. பக்கமும் தீர்ந்துவிட்டது. மாசிலாமணி நிறுத்தாமல் கண்ணாலேயே என்னை விரட்டினார். திருப்பினால், அந்தப் பாட்டுக்கு மறுநாள் ஆபீஸில் என் மேலதிகாரி கல்யாணராமன் சார் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். வேறு வழி? தாளத்தை விடாமல் அதையே படித்தேன்.

"வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர், சீலிங் ஃபேன்ஸ், சீலிங் ஃபேன்ஸ் ஆர் நாட் ரொட்டேட்டிங்..."

இந்திராணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நாட் நாட் நாட் ரொட்டேட்டிங்" என்று பறந்தாள்.

முதலாளியம்மா கல்லாவைப் பூட்டாமலே எழுந்து வந்தாள். ஓடாத அந்த ஃபேன்களுக்கெல்லாம் சேர்த்து அவளே சுழன்றாள். புருஷனின் டையைப் பிடித்து இழுத்து அவரையும் சுற்றவிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மல்ஹோத்ரா மூச்சு வாங்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். வேலை உறுதி, ஆனால் அடுத்த ஞாயிறு வேறு கடிதம் வேண்டுமாம். மனைவியின் உத்தரவு.

மறுநாள் பென்சிலைச் சீவிக்கொண்டு கல்யாணராமன் சார் முன்னால் உட்கார்ந்தேன்.

"சார், இன்னிக்கு எது ரிப்பேரா இருந்தாலும் கொஞ்சம் விஸ்தாரமாவே சொல்லுங்கோ."