கை வலு

ஐஸ் பெட்டிக்குள் பூவனலிங்கம். தலைமாட்டில் அவர் மனைவி வெள்ளைத்தாய், அவள் தோளில் சாய்ந்து மகள் பொன்மணி. வாசற்படியில் எதிர்வீட்டு மீனாட்சியம்மாள். முற்றத்தில் பந்தல்காரர்கள் இரண்டு பேர். பந்தலுக்கு இடம்விட வேண்டி, பூவனலிங்கத்தின் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான் மருமகன் தங்கப்பாண்டி. பின்னால் நின்று “வரட்டும், வரட்டும்” என்று கையசைத்துக்கொண்டிருந்தான் மகன் சுடலைராஜ்.

வண்டி திரும்பவில்லை.

“ஏ மாப்ள, இன்ஜின் ஓடுது, ஸ்டீரிங் கல்லு கணக்கா இருக்கு?” என்றான் தங்கப்பாண்டி.

“மாசியிலேருந்து சும்மா கெடக்குல்லா அத்தான்.”

தங்கப்பாண்டி விளாத்திகுளத்தில் லாரியில் மிளகாய் லோடு அடிப்பவன். இறங்கி பானெட்டைத் திறந்தான். ஸ்டீரிங்கை லேசாகத் திரும்பவைக்கும் ஆயிலின் டப்பா காய்ந்து கிடந்தது. கீழே குழாய் கசிந்து, கசிவின்மேல் கரிசல் தூசி அடையாக அப்பியிருந்தது. விரலால் பெயர்த்துப் பார்த்தான்.

“நேத்து ஒழுகுனது இல்ல இது. இத வச்சுக்கிட்டு மாமா எப்படித்தான் ஓட்டுனாவளோ! இரும்புக் கைதான் போ.”

“அவிய கை தளந்துட்டுன்னுல்லா சொன்ன, வெள்ளைத்தாயி?” என்றாள் மீனாட்சியம்மாள்.

உள்ளே அழுகை நின்றது. வெள்ளைத்தாய் தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் கிடந்த வலது கையைப் பார்த்தாள்.

மாசியில் எட்டயபுரத்துக் கல்யாண வாடகைக்குக் கார் ஓட்டிவிட்டு வந்து பூவனலிங்கம் மகனிடம் கேட்டார். “ஸ்டீரிங் ரொம்ப இறுக்கமா இருக்குலே. செத்த பாரேன்.” மில்லில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தான் சுடலைராஜ். எழுந்திருக்கச் சோம்பல். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். “வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்க கையிலதான் வலு போச்சு.”

மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டவன் அவன். பாதி படித்தவன் சொன்னதை அவர் முழுசாக நம்பினார். சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறம் தண்ணீர்ச் செம்பைக்கூட இரண்டு கையாலும் பிடித்தார். வெள்ளைத்தாய் தினமும் அந்தக் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். காருக்கடியில் சிவப்பு ஆயில் கறையை ஒருநாள் சுடலைராஜ் பார்த்தான். காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

அன்று பகலில் சுடலைராஜ் மொட்டை போட்டான். கொள்ளி வைத்தான். மறுநாள் அஸ்தி கரைக்கத் தூத்துக்குடி போக வேண்டும்.

“அவிய கார்லயே போவட்டும்” என்றாள் வெள்ளைத்தாய். அதையும் மருமகனிடம்தான் சொன்னாள்.

சாயங்காலம் சுடலைராஜ் காருக்கடியில் படுத்தான். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் திருகினான். இறுகிவிட்டது. அடையைச் சுரண்டி எடுத்தான். சிவப்பு ஆயில் ஊற்றினான். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிக் குழாயில் அடைபட்ட காற்றைப் போக்கினான். மறுபடி கொஞ்சம் ஊற்றினான். குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தான். ஈரமில்லை. வேலை அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது எதிரே வெள்ளைத்தாய் நின்றாள். அவர் ஓட்டும் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. இப்போது ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீரிங்கை இரண்டு கையால் திருப்பினாள். பிறகு ஒரு கையால். பிறகு ஒரே விரலால். முன்சக்கரம் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பியது.

“இம்புட்டுத்தானாலே?”

அவன் சிவப்பு விரல்களை வேட்டியில் துடைத்தான். “யம்மா...”

அவள் இறங்கினாள். படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் படிக்கு வருமுன் தாழ்ப்பாள் விழுந்தது.