பதக்கம் வாங்கியவருக்குப் பயம் வந்தால்

விமானியான தன் வீட்டுக்காரரை விமானப்படை டாக்டர் அறை வரைக்கும் இழுத்து வருவதற்குள் அவள் தலையால் தண்ணீர் குடித்துவிட்டாள். சாயங்காலம் அவரும் கூடப் பறக்கிறவர்களும் குண்டு போட மறுபடி கிளம்புகிறார்கள். அதற்குள் டாக்டர், "இவர் பறக்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்லுங்க," என்று முழங்கையால் இடித்தாள்.

"பயமா இருக்கு, டாக்டர்," என்றான் விமானி. "போன தடவை மேல போனதும் கண்ணை இறுக்கி மூடிட்டேன். பக்கத்துல இருந்தவன்தான் விமானத்தைத் திருப்பினான்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எரியுற விமானத்தை இறக்கி, உள்ள கிடந்தவனைத் தோள்ல தூக்கிட்டு வந்த ஆளு! தளபதியே பதக்கம் குத்திவிட்டாரு. உங்களுக்கா பயம்? தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்குய்யா."

"தன்னடக்கமா? கட்டிலுக்கு அடியில போய்ப் படுக்குறாருங்க! கதவு சாத்தினாலே தூக்கிவாரிப் போடுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

சிரிப்பு நின்றது. டாக்டர் எழுந்து கதவைத் தாழிட்டார்.

"தெரியும்மா. நேத்து இதே நாற்காலியில ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுதான். 'அவரே போறாரு, உனக்கென்ன கேடு'ன்னு இவரைக் காட்டித்தான் அனுப்பி வச்சேன். இவரை நிறுத்தினா நாளைக்கு எவன் ஏறுவான்?"

"அதுக்கு இவரு சாகணுமா?"

டாக்டர் தாழ்ப்பாளை நீக்கி, "நேரமாச்சு, கிளம்புங்க," என்று கதவைத் திறந்துவிட்டார்.

இருவரும் வெளியே வந்தபோது, விமானியோடு பறக்கிறவர்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். விமானத்தின் வால்பக்கம் உட்கார்ந்து சுடுகிறவனுக்கு அங்கே 'வெடிவால்' என்று பெயர். அவன்தான் ஓடி வந்தான்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு வயித்தைக் கலக்குதா? உங்க சமையலா?"

"போடா வாயாடி!"

"அண்ணன் கூட இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். நல்லா இருக்காருல்ல?"

அவள் நாக்கு நுனி வரை உண்மை வந்துவிட்டது. சொன்னால் இவனுக்கும் உதறும். உதறலோடும் ஏறத்தான் போகிறான். கணவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு," என்றாள்.

"கேட்டீங்களாடா!" என்று வெடிவால் லாரியைப் பார்த்துக் கூவினான். பிறகு அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தான். கணவன் அவன் பின்னாலேயே போய் லாரியில் ஏறினான்.